மீசையை வைத்துப் படித்த இங்கிலீஷ்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும். வீரமாகாளி மீது ஆணை. ஐம்பத்தேழாம் வருஷம், சிங்கப்பூர் டன்லப் தெருவில் மருதப்பனின் முடிவெட்டும் கடை. பிற்பகல் வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் சலவைக்காரச் செல்லக்கண்ணு. நாளை கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு நேர்முகம். கிடைத்தால், சோடாக்காரத்தில் வெந்துபோன விரல்களுக்கு விடுதலை. எந்த இங்கிலீஷ் சொல்லுக்குப் பின்னால் எந்தக் குட்டிச்சொல் வரும் என்று பாடம் கேட்கிறான் அவன் அறைத்தோழன் அருணகிரி, பெஞ்சில் கால்மேல் கால் போட்டபடி. தப்பினால் மீசையில் ஒரு வெட்டு என்பது ஏற்பாடு. “‘அஃப்ரெய்டு’க்குப் பின்னால என்னடா?” “நாய்க்குப் பயம்... அப்ப ‘டு’தானேண்ணே?” “‘ஆஃப்’டா மடையா! மருதப்பா, வெட்டு.” கத்தரி நறுக்கென்கிறது. எறும்புக் கால்கள்போல மயிர் துணியில் உதிர்கிறது. காத்திருப்பவர்கள் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவன், “கொஞ்சம் மிச்சம் வைலா, நாளைக்கு வெள்ளைக்காரன் பாக்கணும்ல!” அருணகிரி அடுத்ததைக் கேட்கிறான். “‘டிபெண்டு’?” “‘ஆன்’ அண்ணே!” சரிதான். அருணகிரி காதைச் சொறிந்துகொள்கிறான். “சத்தம் பத்தல. வெட்டு.” இடப்பக்கம் மொட்டையாகிறது. மூக்கடியில் ஊறும் வியர்வையைத் துடைக்கக்கூடக் கையை வெளியே எடுக்காமல், செல்லக்கண்ணு வலப்பக்கத்தைத் தானே முன்னால் நீட்டுகிறான். “இன்னும் கேளுங்கண்ணே. நாளைக்குள்ள எல்லாம் வந்துரணும்.” இருந்த அந்த ஒரே கிராணி வேலையில் அருணகிரி இன்று காலையே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டான்.