அரைக்கால் சட்டைக்காரர்

"கோட்டைப் போடுங்க ஐயா. எல்லாரும் போட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"வேண்டாம்."

படகின் கேப்டன் நைரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தென்கோளத்தில் குளிர்காலமான, உறைய வைக்கும் ஜூலை மாதத்தில், முழங்கால் தெரிய அரைக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், மேலே கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. கோர் ஊர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர், பெயர் அலிஸ்டர். ஸ்டூவர்ட் தீவுக்கு வரும் பண்ணைக்காரர்களில் சிலர் இப்படித்தான். குளிரே தங்களைப் பார்த்து ஒதுங்கிப் போகும் என்று நினைப்பு.

"கிளம்பறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பருத்தித் துணி ஆகாது. உள்ளே கம்பளி, காதை மூடற தொப்பி, கையுறை, எல்லாத்துக்கும் மேல நாங்க குடுக்கற சிவப்புக் கோட்டு. இந்தப் படகில உள்ள போய் உட்கார அறை கிடையாது, இந்த மேல்தளம்தான். வளைகுடாவைத் தாண்டினா தெற்குக் காத்து கத்தி மாதிரி வரும். ஒரு அலை மேல அடிச்சா போதும், அப்புறம் விரலை மடக்க முடியாது."

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் என்ன?"

"போடமாட்டேன்."

மடியில் கிடந்த கோட்டை அவர் நிதானமாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

நைரிக்குச் சுர்ரென்று ஏறியது. படகு கிளம்பும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தவர்கள் இந்த அலிஸ்டரும் அவர் மனைவி மோராக்கும்தான். இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டாள். படகில் கயிறும் எஞ்சினும் பார்க்கிற ராவிரிதான் எங்கெங்கோ தேடி இவர்களுக்கும் ஆளுக்கொரு கோட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

"ஏங்க, போட்டுத் தொலைங்களேன். எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மோராக்.

அலிஸ்டர் அவள் காதில் ஏதோ சொன்னார். மோராக் கணவரைப் பார்த்தாள், மடித்து வைத்த கோட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளும் போடச் சொல்லவில்லை.

"பெரியவரே, உங்க முழங்காலைப் பாக்க நாங்க வரல. அல்பட்ராஸ் பறவை பாக்க வந்தோம்," என்றான் பெரிய கேமராவோடு வந்திருந்த ஒருவன்.

சிலர் சிரித்தார்கள்.

"முழங்கால் இலவசம்தான் தம்பி. நல்லா பாத்துக்கோ."

நைரி குரலைத் தாழ்த்தினாள். "இதப் பாருங்க. ஒருத்தர் கோட்டில்லாம இருந்தாலும் நான் படகை வெளிக்கடலுக்கு விடமாட்டேன். உங்க ஒருத்தரால இத்தனை பேரும் ஏமாறணுமா?"

"விடாதீங்க."

"திரும்பிடட்டுமா?"

"திரும்புங்க."

வீம்பு பிடித்த ஆட்களை நைரி நிறையப் பார்த்திருக்கிறாள். கடைசியில் இறங்கி வந்துவிடுவார்கள். இந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு அவள் கண்ணை நேராகப் பார்த்தார். முழங்கால் இரண்டும் சிவந்து, ரோமம் சிலிர்த்து நின்றது. குளிராமல் இல்லை.

விறுவிறுவென்று போய்ச் சுக்கானைத் திருப்பினாள்.

வளைகுடாவுக்குள்ளேயே ஒரு சுற்று. பாறைமேல் இறக்கையை உலர்த்தும் நீர்க்காகங்கள், தூரத்தில் ஒரே ஒரு பென்குயின். அல்பட்ராஸ் வெளிக்கடலில் பறந்துகொண்டிருந்தது.

துறையில் இறங்கும்போது ஒவ்வொருவரும் அலிஸ்டரைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது.

"அடுத்தவங்க நாளைக் கெடுக்கறதுக்குன்னே சிலர் வீட்டிலேர்ந்து கிளம்பி வராங்க," என்றாள் ஒரு பெண்மணி.

"ஆக்லாந்திலேர்ந்து இதுக்காகவே வந்தேன்," என்றான் கேமராக்காரன். "நல்லா இருங்க."

அலிஸ்டர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார். மோராக் மட்டும் பொறுக்கமுடியாமல், "வந்ததுக்கு எங்க வீட்டுக்காரர் முழங்காலாவது பாத்தீங்கல்ல, போயிட்டு வாங்க," என்றாள்.

கடைசியாக அவர்கள் இருவரும் மிச்சம். நைரி வழியை மறித்து நின்றாள்.

"பாவம்னு ஏத்திக்கிட்டதுக்கு நல்லாச் செஞ்சீங்க ஐயா. வீம்புக்கும் ஒரு காரணம் இருக்கும்ல, அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"யாரு?"

அலிஸ்டர் தயங்கினார். மோராக் அவர் முழங்கையைத் தொட்டாள். "சொல்லிடுங்க. நாளைக்கும் இவங்க கடலுக்குப் போகணும்ல."

அவர் மடித்த கோட்டை நைரியின் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ள கையை விட்டேன். கதகதன்னு இருந்துச்சு. கொக்கியில தொங்கின கோட்டு அப்படி இருக்காது கேப்டன். உடனே உங்க ஆள்கிட்டயே திருப்பிக் குடுத்தேன். 'எனக்கு வேர்க்குது, வச்சுக்கோங்க, கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு. உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கு, வேர்க்குதாம். பின்னாலயே போய் இன்னொரு தடவை குடுத்தேன், வாங்கவே இல்ல."

நைரி திரும்பிப் பார்த்தாள். துறையில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்த ராவிரியின் உடம்பில் ஒற்றைக் கம்பளிச் சட்டை. அதுவும் தோள்வரை நனைந்து ஒட்டியிருந்தது. முடிச்சு விழாமல் விரல்கள் தடுமாறின.

"என்கிட்ட மெதுவா வந்து சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொன்னா அவர்கிட்ட போட்டுக்கச் சொல்லுவீங்க, அவர் மாட்டேம்பாரு. இல்லேன்னா உங்க கோட்டைக் கழட்டி எனக்குக் குடுப்பீங்க. யாராவது ஒருத்தர் நனைஞ்சுதான் ஆகணும்," என்றார் அலிஸ்டர். "படகே வெளிக்கடலுக்குப் போகலைன்னா யாருக்கும் கோட்டு குறையாது."