அறுபத்தொன்றாம் பக்கம்

"இந்த ஆளுக்கு வேற வேலை வெட்டி இல்லையா?"

கடிதத்தை மேஜைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் எழுத்தாளர்.

எதிரே நின்றிருந்தாள் தபால் அக்கா. பதிப்பகத்துக்கு வருகிற கடிதங்களைப் பிரித்துப் படித்து, பதில் போடுவது அவள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் தபால் அக்காதான்.

மூன்று மாதமாக வருகிற கடிதமெல்லாம் ஒரே புத்தகத்தைப் பற்றி. மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்ணை அவள் புருஷனே கொன்றுவிட்ட உண்மைச் சம்பவம். சுடச்சுட விற்றுத் தீர்ந்து, திங்கட்கிழமை இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது.

அந்த வீடு இப்போது வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார் ஒருவர். அட்டையில் அவள் படத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்று குறைப்பட்டிருந்தார் இன்னொருவர். பாதிப் பேர் அறுபத்தொன்றாம் பக்கத்தைக் குறிப்பிட்டு, 'இப்படி இருந்தால் எந்த ஆம்பிளைதான் பொறுப்பான்?' என்று எழுதியிருந்தார்கள்.

அவளுடைய வாய்த்துடுக்கு, நேரம் கழித்து வீட்டுக்கு வருவது, சம்பவத்தன்று சாப்பாட்டுத் தட்டைப் புருஷன் முகத்தில் வீசியது, எல்லாம் அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தது. அதைப் படித்தபோது, 'கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்' என்று தபால் அக்காவுக்கே தோன்றியிருக்கிறது.

இந்த ஆசாமி மட்டும் வேறு ரகம். பெயர் கிடையாது, முகவரி கிடையாது. கோடு போட்ட தாளில் குண்டு குண்டாக எழுத்து. வாரம் தவறாமல் ஒரு கடிதம்.

'பக்கம் 61. அவள் நேரம் கழித்து வருவாள் என்பது தப்பு. கடை மூடுவதே ஒன்பது மணிக்கு. ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் இருப்பாள்.'

'பக்கம் 61. எதிர்த்துப் பேசுவாள் என்பது தப்பு. அவன் சத்தம் போட்டால் இவள் சமையல் ரூமுக்குள் போய்விடுவாள்.'

இன்று வந்தது: 'பக்கம் 61. தட்டை அவள் வீசவில்லை. அவன்தான் வீசினான். தயவுசெய்து திருத்துங்கள்.'

"பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி எழுதுறாங்க சார்," என்றாள்.

"பழைய காதலன் எவனாவது இருப்பான். அவளுக்கு வக்காலத்து வாங்க வேற யாரு இருக்கா?"

கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பினார். "கூடப் பிறந்தவளா இருக்கும்."

"அவ ஒத்தைப் பிள்ளைன்னு நாலாம் பக்கத்துலயே இருக்கே," என்றாள் தபால் அக்கா. "சார், தப்புன்னா திருத்திடலாமே. திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"எதைத் திருத்தறது? நானா கற்பனை பண்ணி எழுதினேன்? நேர்ல பார்த்த சாட்சி கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னதும்மா அது. அதை நம்பித்தான் ஜட்ஜே, ஏதோ ஆத்திரத்துல செஞ்சுட்டான்னு தண்டனையைக் குறைச்சார். நான் ரிக்கார்டை வரிக்கு வரி படிச்சுட்டு எழுதியிருக்கேன். ஒரு மொட்டைக் கடுதாசிக்காக மாத்தச் சொல்றியா?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கடிதத்தைக் கையில் எடுத்தால் அதுவும் பொய்யாகப் படவில்லை. அன்று முழுவதும் தபால் அக்காவுக்கு வேலையே ஓடவில்லை. செத்துப்போனவளை எழுப்பிக் கேட்கவா முடியும்?

வெள்ளிக்கிழமை காலை, முன்னறைக்கு ஒரு அம்மாள் வந்தாள். அறுபதைத் தாண்டியிருப்பாள். கையில் அந்தப் புத்தகம்.

"மறுபடி அச்சடிக்கப் போறீங்கன்னு பேப்பர்ல பார்த்தேன். அறுபத்தொன்னை மாத்திட்டீங்களா?"

தபால் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "லெட்டர் போட்டது நீங்கதானா? உட்காருங்கம்மா."

அந்த அம்மாள் உட்காரவில்லை. "போன மாசம் பஸ்ல ரெண்டு பொண்ணுங்க இதைப் படிச்சுட்டு, அவளுக்கு இது வேணும்னு பேசிட்டு வந்தாங்க. காதை மூடிக்கிட்டு வர முடியலை. நடுவுலயே இறங்கிட்டேன்."

"நீங்க அந்தப் பொண்ணோட அம்மாவா?"

"அவளுக்கு அம்மா இல்லை. என்னைத்தான் அம்மான்னு கூப்பிடுவா." சொல்லிவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை அன்பா இருந்தவங்க இத்தனை நாள் எங்கே போயிருந்தாங்க என்று தபால் அக்காவுக்குப் புரியவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு எழுத்தாளர் உள்ளேயிருந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கியது.

"அவ எத்தனை மணிக்கு வருவா, தட்டை யார் வீசினா, எல்லாம் தெரியும் உங்களுக்கு. அப்போ கேஸ் நடந்தப்ப வந்து சொல்லியிருக்கணும். ஒரு பொண்ணைப் பத்திக் கோர்ட்டுல அபாண்டமா பேசறப்ப வாயை மூடிட்டு வீட்டுல இருந்துட்டு, இப்ப வந்து என்னைத் திருத்தச் சொன்னா என்ன அர்த்தம்?"

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுல இருக்கலை சார். கூண்டுல ஏறி அத்தனையும் சொன்னதே நான்தான். பெத்த பிள்ளையைத் தூக்குல போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன்."