கீழ்த்தளத்துக் குரல்

“குரலே இல்லாத ஆளை மைக் முன்னால உக்கார வச்சுட்டு, மைக் சரியில்லைன்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்.”

மெக்கானிக்குக்கு மரியாதையாகப் பேசத் தெரியும். நேரமிருந்தால் பேசுவார்.

மேனேஜர் மேஜைப் பக்கம் கையைக் காட்டினார். வரவேற்பு மேஜையில், வளைந்த கழுத்துள்ள மைக்குக்கு எதிரே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கட்டடம் முழுக்க அவருக்கு மைக்கம்மா என்றுதான் பெயர். வழியை மறித்து யாராவது வண்டியை நிறுத்தினாலும், லிஃப்ட் நின்றாலும், ஆபத்து என்றாலும் எல்லா மாடிக்கும் அறிவிப்பு அவர்தான் சொல்ல வேண்டும்.

“ஒரு தடவை பேசுங்கம்மா, கேப்போம்.”

பேசினார். காய்ந்த சருகை யாரோ மிதித்த மாதிரி இருந்தது.

“கொஞ்சம் தொண்டையைத் திறங்கம்மா. வீட்டுக்காரரை இப்படியா திட்டுவீங்க?”

மைக்கம்மா சிரித்தார். சிரிப்புக்கும் சத்தமில்லை.

“சாயங்காலம் தீயணைப்பு அதிகாரி வர்றார்,” என்றார் மேனேஜர். “எல்லா மாடியிலயும் அறிவிப்பு தெளிவாக் கேக்கணும். கேக்கலைன்னா, பதிவு பண்ணின குரலைப் போடுன்னு சொல்லிட்டுப் போயிடுவார். அப்புறம் இவங்களுக்கு இங்க வேலை இல்ல.”

“அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு சுத்து? இதோ.”

மெக்கானிக் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். ஓர் இளம்பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கணீரென்ற குரல். வாசல்வரை போய்த் திரும்பி வந்தது.

“இந்தப் பொண்ணை உக்கார வைங்க. புதுசா ஒரு சாமானும் வேண்டாம், நானும் வேண்டாம்.”

அவள் போனை வைத்தாள். “நானா? மாட்டேன் சார்.”

“ஏன், வாய் வலிக்குமா?”

“அந்த மைக்ல மட்டும் மாட்டேன்.”

“போன்ல ஊர்க்கதை பேச மட்டும் வலிக்கலை.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜராவது ஒரு அதட்டு போடுவார் என்று பார்த்தார் மெக்கானிக். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு வளையாத பெண், அதட்டத் தெரியாத மேனேஜர். உருப்பட்ட மாதிரிதான். மெக்கானிக் பையைத் திறந்தார்.

ஆம்ப்ளிஃபயரின் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது.

“யார் சார் இந்தப் புத்திசாலி?”

“நான்தான்.”

“இப்படித் திருகினா குரலோட இரைச்சலும் சேர்ந்துதான் வளரும். மைக்லேருந்து வர்றதே கொசு மாதிரி. இவ்வளவு நீள ஒயர்ல போறதுக்குள்ள இரைச்சல் அதை முழுங்கிடுது. கிளம்பற இடத்துலயே தூக்கி விட்டுட்டா பிழைச்சுக்கும்.”

கையடக்கமான பெட்டி ஒன்றை மேஜைக்கு அடியில் வைத்துத் திருகினார். ப்ரீ ஆம்ப்ளிஃபயர். ஒரு பக்கம் மைக் ஒயர், மறுபக்கம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர். பெரிய குமிழைக் குறைத்துவிட்டுப் பெட்டியின் குமிழை மெல்லக் கூட்டினார். ஊளையிட்டது. மைக்குக்கு நேர் மேலே இருந்த ஸ்பீக்கரை அடக்கினார். ஊளை நின்றது.

“மேல போய்க் கேக்கணும். வழி காட்ட யாராவது வாங்க.”

“நான் வர்றேன் சார்.” அந்தப் பெண்தான். பரவாயில்லை, கால் வலிக்கவில்லை.

கடைசி மாடி. நீள அறை. வரிசையாக மேஜைகள். ஒருவர் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் செல்போனில் மைக்கம்மாவிடம் சொன்னார்: “பேசுங்கம்மா. கத்த வேண்டாம்.”

கூரையில் முதலில் ஒரு மூச்சு கேட்டது.

“இது சோதனை அறிவிப்பு. யாரும் பதற வேண்டாம். அவங்கவங்க வேலையைப் பாருங்க.”

கரகரப்பு அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

போன் சண்டை பாதியில் நின்றது. அந்த மனிதர் எழுந்தார். அடுத்த மேஜையில் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறை முழுவதும் எழுந்து நின்றது.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சோதனைதாங்க. உக்காருங்க. ஒண்ணும் ஆகலை.”

“தெரியும்,” என்றார் ஒருவர், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். உட்காரவில்லை.

விறுவிறுவென்று கீழே இறங்கினார். அந்த மாடியிலும் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குக் கீழேயும். படி பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். மைக்கம்மா இன்னொரு தடவை சொன்னார். அந்தக் குரலைத் தவிரக் கட்டடத்தில் ஒரு சத்தமில்லை.

எத்தனையோ பெரிய மனிதர்களின் குரலைப் பெரிதாக்கியவர் மெக்கானிக். எந்தக் குரலுக்கும் ஒரு கட்டடமே எழுந்து நின்று அவர் பார்த்ததில்லை.

“என்னம்மா இது?” கூடவே இறங்கி வந்த அந்த இளம்பெண்ணிடம் தன்னையறியாமல் மெதுவாகக் கேட்டார்.

“போன வருஷம் கீழ்த்தளத்துல தீப்பிடிச்சுது சார். மைக்கம்மா புகைக்குள்ளயே உக்காந்து, எந்த மாடி எந்தப் படியில இறங்கணும்னு சொல்லிச் சொல்லி எல்லாரையும் இறக்கி விட்டாங்க. வெளிய எண்ணிப் பார்த்த மேனேஜர், ஒரு ஆள் குறையுதுன்னு போன்ல சொன்னார். அந்த ஆள் வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தப் புகையில போன குரல் சார். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் மேல கேக்குது.”

“அவ்வளவு கூப்பிட்டும் அசையாம இருந்த அந்தப் புண்ணியவான் யாரு?”

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் சார். கடைசி மாடி ஸ்டோர் ரூம்ல தனியா, காதுல இயர்போன் மாட்டியிருந்தேன். பாட்டு முடிஞ்சப்புறம்தான் அவங்க கூப்பிடறது கேட்டுது.”