எழாத டிஸ்க்

"முந்தாநாள்லேருந்து டிஸ்க் தூங்குது, சல்தனத். உன் புரோகிராம்லதான் கோளாறு. கண்டுபிடி!"

யெர்னார் கத்திய கத்தலில் அல்மாட்டி அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

சல்தனத் கீபோர்டிலிருந்து கையெடுத்தாள். "வேலை இல்லாதப்ப தூங்கணும், பதிவு பண்ண ஏதாவது வந்தா எழுந்திரிக்கணும். ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல்ல அதுக்குத்தானே மாரடிச்சோம், யெர்னார் அகா? இங்கேருந்து தட்டினேன், உடனே எழுந்துடுச்சு. கோளாறே இல்ல."

"இருந்தே ஆகணும்! இன்னொரு தடவை பாரு தாயே."

"பார்த்துட்டேன், இல்ல. கோளாறு இல்லைன்னா ஊரே கேக் வெட்டும், நீங்க அழறீங்க! யாரோட டிஸ்க் அது?"

யெர்னார் நாற்காலியில் சரிந்தான்.

"பல்காஷ்ல, காது கேக்காத எங்கப்பா தனியா இருக்கிற வீட்டுக் கேமராவோடது. அவர் நடமாடினா மட்டும்தான் எழுந்திரிக்கும்."