கோபக்காரியின் கைத்துப்பாக்கி

குண்டு சிக்கட்டும் என்று என் துப்பாக்கியின் மேகசினுக்குள் மணலைப் போட்டவன், என்னோடு சுடும் போட்டிக்கு வந்திருந்த பரணிதரன். நானே பார்த்தேன். நடுவரிடம் சொன்னேன்.

"சாட்சி இருக்குங்களா?" என்று கேட்டார். என்னைத் தவிர யாரும் இல்லை.

மணலைத் தட்டித் துடைத்துவிட்டுப் போய் நின்றேன். பீப் ஒலித்ததும் துப்பாக்கியை உருவினேன். கைப்பிடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கோபத்தில் இருப்பவர் கையில் இப்போதைய துப்பாக்கிகள் சுடாது. விசையை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை.

"பூஜ்யம்ங்க. மனச அடக்கத் தெரியாதவங்க எதுக்குங்க போட்டிக்கு வர்றீங்க?" என்றார் நடுவர்.

அடுத்து பரணிதரன் சுட்டான். கடைசிக் குண்டு வரைக்கும் பச்சை விளக்குதான்.

நடுவர் என்னிடம் திரும்பினார். "பாத்தீங்களா? எத்தன தங்கமான மனுசன். துளி கோவம் இல்லைங்க."