பச்சைப் பொத்தான்

ராணுவத்திலிருந்து திரும்பிய வீரணனின் கையில் ஆத்திரத்தை அளக்கும் மின்னணுப் பட்டையைக் கட்டி நான்கு வருடமாகிறது. ஆத்திரம் ஏறினால் அது சிவக்கும்; அவன் இருக்கும் அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் திறக்காது. அவன் மனைவி அங்கயற்கண்ணி வெளியிலிருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மட்டும் உடனே திறக்கும். அவள் ஒருநாளும் அமுக்கியதில்லை.

இன்று டிவியில் மாநில கபடி இறுதிப் போட்டி. மகள் பொன்னழகு கடைசி ரைடு போனபோது, பார்க்கத் தைரியமில்லாமல் அங்கயற்கண்ணி அடுப்படிக்கு ஓடிவிட்டாள். வீரணன் டிவி பார்த்துக்கொண்டிருந்த அறைக்கதவு சடக்கென்று பூட்டிக்கொண்டது. உள்ளே நாற்காலி உருண்டது, சுவர் அதிர்ந்தது. அவள் கால்கள் பழக்கப்படி தெருவாசலுக்குத் திரும்பின.

"ஏ கண்ணி! நம்ம புள்ள நாலு பேரத் தொட்டுட்டு வந்துட்டாடி! கப்பு நமக்குத்தான்டி!"

அவள் அப்படியே நின்றாள். பாழாய்ப்போன பட்டைக்கு ஆத்திரம் எது, ஆனந்தம் எது என்று தெரியவில்லை!

பாய்ந்து வந்து பொத்தானை அமுக்கினாள்.

"உள்ளே ஆபத்து. கட்டாயம் திறக்கவா?" என்று கதவு நிதானமாகக் கேட்டது.

"தொறந்து தொலையேன், சனியனே! ரீப்ளே முடிஞ்சிரப் போவுது!"