புளியாரை

தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்வது ஞானசிகாமணியின் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவர் நாக்கின் ருசியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. யாரிடமும் சொல்லாமல் நிறத்தை வைத்தே சமாளித்தார். நாளைக்கு, வாங்க வருகிறவர்களின் கண்ணெதிரே அறுபது கோப்பை ருசிக்க வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிடலாமென்று தேயிலைச் சரிவில் இறங்கினார்.

வழியில் செல்லக்கண்ணு எதையோ மென்றபடி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"புளியாரைங்கய்யா. எத்தன தடவ புடுங்குனாலும் கெழங்கு உள்ளருந்து மொளச்சிருது. தின்னு பாருங்க."

மரியாதைக்காக மென்றார். ஒன்றுமில்லை. துப்பப் போகையில் தாடையோரம் சுருக்கென்றது. வாயெல்லாம் நீர் சுரந்தது. புளிப்பு! அசையாமல் நின்றார்.

"கெழங்குக்குக் கீழ வெள்ள வேர் இருக்கு பாருங்க. அது இனிக்கும்."

இனித்தது. மழைத்தண்ணீர் அளவுக்குத்தான், ஆனால் இனித்தது. ஞானசிகாமணி களைக்குவியலின் முன் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னத் தொடங்கினார். கண்கள் வழிந்தன.

செல்லக்கண்ணு பதறினாள். "ஐயா, மண்ணு! கழுவிட்டுத் தின்னுங்க!"

"இரு தாயி," என்றார். "மண்ணு ருசியும் தெரியுது."